முதல் ரோமானிய வெள்ளிக்காசு: எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது?

ரோமானிய வெள்ளிக்காசு சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பேரரசர் காசு வாங்கலாம்?" என்றுதான். என்னைக் கேட்டால், பேரரசர் ஒரு பக்கம் இருக்கட்டும், காசைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்பேன். தலைப்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு முகம்தான் இருக்கும். பூப்பக்கத்தில் தேர்தல் நடக்கும், யானை நடக்கும், கோயில் நிற்கும், நீர்யானை வாயைத் திறக்கும். கையில் இருக்கும் பணத்துக்கு எந்தக் காலத்துக் காசின் பூப்பக்கம் அதிகம் பேசுகிறது என்பதை வைத்தே இங்கே எடைபோடப் போகிறேன். முதலீடு, மறுவிற்பனைக் கணக்கெல்லாம் இதில் கிடையாது.

கடையிலும் ஏலத்திலும் கிடைப்பவற்றை ஐந்து கூட்டமாகப் பிரிக்கலாம்: பேரரசர்கள் வருவதற்கு முந்திய குடியரசுக் காலத் தினாரியஸ், முதல் இரு பேரரசர்களான அகஸ்டஸ்–திபேரியஸ் தினாரியஸ், இரண்டாம் நூற்றாண்டுத் தினாரியஸ், செவரஸ் குடும்பத்துக் காசுகளும் அதை ஒட்டி வந்த அன்டோனினியானஸ் என்ற காசும், கடைசியாக நான்காம் நூற்றாண்டின் சிலிக்வா என்ற மெல்லிய காசு. ரோமின் வழக்கமான வெள்ளிக்காசான தினாரியஸ் பிறந்தது கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் படைத்தலைவன் ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்த நெருக்கடியில். முதலில் எடை சுமார் நாலரை கிராம், சீக்கிரமே நாலுக்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டது. அகலம் 18 மில்லிமீட்டர் அளவு, நம் புதிய ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றே சிறியது. அத்தனை சின்ன இடத்தில் என்னென்ன திணித்தார்கள் என்பதுதான் விஷயம்.

தமிழர்கள் முதலில் ஆசைப்படும் காசு

நம்மவர்கள் அநேகமாகக் கேட்பது அகஸ்டஸ் அல்லது திபேரியஸ். காரணம் தெரிந்ததுதான். கொங்கு நாட்டுப் புதையல்களில், வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி என்று எங்கே எடுத்துக்கொண்டாலும், வெள்ளிக்காசு என்றால் பெரும்பாலும் இந்த இருவருடையதுதான். அதிலும் இரண்டே இரண்டு வகைதான் மிகுதி. ஒன்று, அகஸ்டஸின் பேரன்களும் தத்துப் பிள்ளைகளுமான கயஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் காசு. மற்றொன்று, திபேரியஸின் முகமும், பின்னால் செங்கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் பெண்ணும் உள்ள காசு. நீரோ கி.பி. 64இல் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்திய வெள்ளிக்காசு தென்னிந்தியப் புதையல்களில் அரிது.

ரோமானிய எழுத்தாளர் பிளினி இதை ஒட்டி ஒரு செய்தி சொல்கிறார். செங்கடல் பக்கம் வரி குத்தகை எடுத்த ஒருவரின் ஆள் காற்றில் அடித்துக்கொண்டுபோய் இலங்கையில் கரையேறினானாம். அவனிடமிருந்த தினாரியஸ்களைப் பார்த்த அரசன், முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருந்ததைக் கண்டு ரோமானியரின் நேர்மையை வியந்தானாம். ரோமானியர் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்ள எழுதிய கதை போலத்தான் தெரிகிறது. இருந்தாலும் கடல் கடந்து வந்த வெள்ளியை நம் பக்கத்து வணிகர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதற்கு இது நல்ல குறிப்பு. முகத்தையா பார்த்திருப்பார்கள்? தராசைத்தான்.

இந்தத் தொடர்பு மனதை இழுக்கிறது, சரி. படம் என்று பார்த்தால் திபேரியஸ் காசு எனக்குச் சலிப்பு. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர், அவ்வளவு காலமும் லியோன் (இன்றைய பிரான்ஸ்) நாணயச்சாலையில் பெரும்பாலும் இந்த ஒரே படத்தையே அடித்துத் தள்ளினார்கள். உட்கார்ந்திருக்கும் பெண் அவருடைய தாய் லிவியா என்று சொல்வதுண்டு. காசில் பெயர் இல்லை. விலையோ படத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஏறி நிற்கிறது. "சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுங்கள்" என்று இயேசு சொன்னபோது கையில் வாங்கிப் பார்த்த காசு இதுதான் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியிருப்பதால், நாணயம் சேர்க்காதவர்களும் இதற்குப் போட்டி போடுகிறார்கள். ஒரு திபேரியஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பின்னால் சொல்லப்போகும் சில காசுகளை நாலைந்தாக வாங்கிவிடலாம்.

கொங்குத் தொடர்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்குக் கயஸ்–லூசியஸ் காசே நல்லது. திபேரியஸைவிடப் பெரும்பாலும் மலிவு. படத்திலும் ஒரு சோகம் உண்டு. வாரிசுகள் இதோ என்று பேரரசு முழுக்க அறிவித்த இந்தப் பையன்களில் லூசியஸ் கி.பி. 2இலும் கயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். அந்த அரியணைதான் திபேரியஸுக்குப் போனது. ஈட்டிகளுக்கு மேலே பாருங்கள்: ஒரு அகப்பையும் ஒரு வளைந்த கோலும் தெரியும். இருவரும் வகித்த புரோகிதப் பதவிகளின் அடையாளங்கள் அவை. அகஸ்டஸின் இன்னும் நல்ல படங்களும் உண்டு. எகிப்தைப் பிடித்ததற்கு முதலை, ஜூலியஸ் சீசர் தெய்வமானதற்கு வால்வெள்ளி, பறிகொடுத்த படைக்கொடிகளை மண்டியிட்டுத் திருப்பித் தரும் பார்த்தியன் (ஈரான் பக்கத்து எதிரி நாட்டவன்). முதல் காசாக அவற்றுக்கு ஆசைப்பட்டால் பர்ஸ் தாங்காது.

குடியரசுக் காலம்

நான் கட்சி கட்டுவது இந்தப் பக்கம். ஆனால் எல்லாக் குடியரசுக் காசும் இல்லை. முதல் எழுபது எண்பது ஆண்டுகளின் காசுகளில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவியும் பின்னால் குதிரையில் பாயும் இரட்டைத் தெய்வங்களும், பிறகு ரதம், ரதம், மேலும் ரதம். நன்றாக இருக்கும், ஒன்று போதும்.

கி.மு. 130களிலிருந்து ஆட்டம் மாறுகிறது. காசடிப்பைக் கவனிக்க ஆண்டுதோறும் மூன்று இளைஞர்களை நியமிப்பார்கள். அரசியலில் முதல் படிக்கட்டில் நிற்பவர்கள் அவர்கள். நாளை தேர்தலில் நிற்க வேண்டும், குடும்பப் பெயரை மக்கள் மனதில் பதிக்க வேண்டும். ஊர் ஊராகப் போய்ச் சேரும் காசைவிட நல்ல சுவரொட்டி எது? தாத்தா கட்டியது, கொள்ளுத்தாத்தா ஜெயித்தது, குலத்தின் மூலபுருஷன் யார் என்பதெல்லாம் பூப்பக்கத்துக்கு வந்துவிட்டது.

லிசினியஸ் நெர்வா என்பவர் கி.மு. 113 வாக்கில் அடித்த காசை எடுத்துக்கொள்வோம். மூன்று மனிதர்கள், ஒவ்வொருவரும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியவர். இடது ஓரத்தில் ஒருவர் குனிந்து, கீழே நிற்கும் ஊழியரிடமிருந்து வாக்குப் பலகையை வாங்குகிறார். வலப்பக்கம் இன்னொருவர் தன் பலகையைப் பெட்டிக்குள் போடுகிறார். இருவரும் நிற்பது ஒரு குறுகிய மேடைப் பாலத்தின் மேல். வாக்காளரைத் தனியாகப் பிரித்து, காதில் ஓதுபவர்களிடமிருந்து விலக்கி வைப்பதற்கான ஏற்பாடு அது. கி.மு. 139இல்தான் தேர்தலுக்கு இரகசிய வாக்கு வந்தது. கி.மு. 119இல் மாரியஸ் என்ற அரசியல் தலைவர் அந்தப் பாலங்களை இன்னும் குறுக்கச் சட்டம் கொண்டுவந்தார். பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கவோ மிரட்டவோ முடியாதபடி. பூத்துக்குள் இன்னொருவர் நுழையக்கூடாது என்று நாம் இன்றும் சண்டை போடுகிற விஷயம், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய வெள்ளியில் நெல்மணி அளவில் நடந்துகொண்டிருக்கிறது.

அதே பொருளில் காசியஸ் குடும்பமும் காசு அடித்தது. கி.மு. 60களில் வந்த ஒன்றில் ஒரே ஆள், கையில் பலகை, அதில் ஒரே எழுத்து: சட்டத்துக்குச் சம்மதம் என்று பொருள். நீதிமன்றத்தில் இரகசிய வாக்கைக் கொண்டுவந்தவர் தங்கள் முன்னோர் என்ற பெருமை. இது நெர்வா காசைவிடத் தெளிவான படம், எளிதாகவும் கிடைக்கும்.

மாமிலியஸ் லிமெட்டானஸின் கி.மு. 82 காசு இன்னொரு ரகம். இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பும் கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸ், கையில் தடி. எதிரே அவனை அடையாளம் கண்டுகொண்ட கிழட்டு நாய் ஆர்கஸ், தலையைத் தூக்கிப் பார்க்கிறது. ஒடிசியஸின் வம்சம் நாங்கள் என்பது மாமிலியர்களின் கதை. காசின் விளிம்பு முழுக்க இரம்பப் பல் போல வெட்டியிருக்கும். இப்படிப் பல் வெட்டிய காசுகளையும் ரதம் பொறித்த பழைய காசுகளையும்தான் ஜெர்மானியர் நம்பி வாங்குவார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

கி.மு. 46இல் டைட்டஸ் கரிசியஸ் அடித்த காசு, தொழில் தெரிந்தவர்களுக்கு. தலைப்பக்கம் ஜூனோ மொனெட்டா தேவி. அவளுடைய கோயிலை ஒட்டித்தான் ரோம் நகர நாணயச்சாலை இருந்தது. பூப்பக்கம் காசு அடிக்கும் கருவிகள்: அச்சு வைக்கும் பட்டடை, இடுக்கி, சுத்தியல். தன்னைச் செய்த கருவிகளையே சுமக்கும் காசு. கேட்கும் விலையும் அதற்கேற்பத்தான்.

சீசரின் யானைக் காசு எல்லோருக்கும் தெரியும். உள்நாட்டுப் போர் தொடங்கிய கி.மு. 49 வாக்கில், படையோடு கூடவே நகர்ந்த பட்டறையில் ஏராளமாக அடித்தது. யானை காலடியில் பாம்பு மாதிரி ஒன்றை மிதிக்கிறது, கீழே சீசர் என்ற பெயர், மறுபக்கம் புரோகிதக் கருவிகள். முகம் இல்லை. உயிரோடிருக்கும் ரோமானியர் தன் முகத்தை ரோம் நகரக் காசில் போடுவது கி.மு. 44இல்தான் தொடங்கியது. சீசர் போட்டார், சில வாரங்களில் குத்துப்பட்டார். குத்தியவர்களில் ஒருவரான புரூட்டஸ், இரண்டு குத்துவாளும் நடுவே விடுதலை பெற்ற அடிமையின் தொப்பியுமாகத் தனிக் காசு அடித்துக்கொண்டார். தலைப்பக்கத்தில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார் என்பது வேடிக்கை. அது நமக்கெல்லாம் எட்டாத விலை. அதன் தங்கப் பிரதி ஒன்று 2020இல் ஏலத்தில் போய், வந்த வழி சரியில்லை என்று தெரிந்து 2023இல் கிரேக்கத்துக்குத் திருப்பித் தரப்பட்டது. யானைக் காசு கிடைக்கும், ஆனால் யானை என்பதாலும் சீசர் என்பதாலும் விலை இரட்டிப்பு வேகத்தில் ஏறியிருக்கும்.

இந்தக் கூட்டத்தில் மலிவாக வேண்டுமென்றால் மார்க் ஆன்டனியின் படையணிக் காசு. பின்னாளில் அகஸ்டஸ் ஆனவரிடம் ஆன்டனி தோற்ற ஆக்டியம் போருக்கு முன், கி.மு. 32–31இல், படைக்குச் சம்பளம் கொடுக்க அடித்தது. ஒரு பக்கம் துடுப்புப் படகு, மறுபக்கம் கழுகுக்கொடி, கீழே படையணியின் எண். வெள்ளித் தரம் குறைவு. அதனால் யாரும் உருக்கவில்லை. இருநூறு ஆண்டுக்கு மேல் கைமாறிக்கொண்டே இருந்தது. கிடைக்கும் காசுகளில் பாதி வழவழவென்று தேய்ந்திருக்கும். எண் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் நூற்றாண்டு

டிராஜன், ஹேட்ரியன், ஆன்டோனினஸ் பயஸ் காலம். முகம் செதுக்குவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. வெள்ளியும் கௌரவமாக இருக்கும். பூப்பக்கத்தில்தான் ஒரு குறை: பத்தில் எட்டு காசில் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள் அல்லது உட்கார்ந்திருப்பாள். தராசு இருந்தால் நியாயம், துடுப்பும் கனிக்கொம்பும் இருந்தால் அதிர்ஷ்டம், ஒலிவக் கிளை அமைதி, பாம்புக்குச் சோறு ஊட்டினால் ஆரோக்கியம், பாவாடை நுனியைத் தூக்கிப் பூவை நீட்டினால் நம்பிக்கை, துளையிட்ட எண்ணும் பலகையைக் காட்டினால் பேரரசர் பணம் வாரி வழங்கினார் என்று அர்த்தம். படிக்கத் தெரிந்துவிட்டால் சுவாரசியம். பத்துக் காசுக்குப் பிறகு எனக்கு அலுத்துவிட்டது.

தேடினால் வேறு படங்களும் உண்டு. ஹேட்ரியன் தன் பயணங்களுக்கு மாகாணம் மாகாணமாக அடித்தார்: யானைத்தோல் முக்காடும் கையில் தேளுமாக ஆப்பிரிக்கா, காலடியில் முயலோடு ஸ்பெயின், கிலுகிலுப்பையும் அரிவாள்மூக்கனுமாகச் சாய்ந்திருக்கும் எகிப்து. டிராஜன் காசு ஒன்றில் அவருடைய வெற்றித்தூண் நிற்கிறது. ரோமில் அது இன்றும் நிற்கிறது. இந்தக் கூட்டத்தில் நான் முதலில் கைகாட்டுவது மூத்த ஃபௌஸ்தீனாவை. கி.பி. 140 வாக்கில் அவர் இறந்தபின், கணவர் ஆன்டோனினஸ் அவர் நினைவாக ஆண்டுக்கணக்கில் காசு அடித்தார். எண்ணிக்கை அதிகம், விலை குறைவு, உச்சந்தலையில் சுற்றிக் கட்டிய கொண்டை மயிரிழை மயிரிழையாகத் தெரியும். பூப்பக்கத்தில் மயில் வரும், சிலவற்றில் அவருக்காகக் கட்டிய ஆறுதூண் கோயில் வரும். அந்தக் கோயிலின் முகப்பு ரோமில் இன்னும் இருக்கிறது, பின்னால் மாதா கோயிலாகிவிட்டது.

செவரஸ் குடும்பமும் அதன் பிறகும்

செப்டிமியஸ் செவரஸ் கி.பி. 193இல் வந்தபின் தினாரியஸில் வெள்ளி பாதி அளவுக்கு இறங்கிவிட்டது. அடிப்பும் அவசர அவசரமாக. விலை நமக்குச் சாதகம். இந்தக் குடும்பத்தில் பூப்பக்கத்தைவிடத் தலைப்பக்கம்தான் நாடகம். கராகல்லாவைச் சுருள்முடிப் பையனாக, மீசை அரும்பும் இளைஞனாக, கடைசியில் புருவம் நெரித்த தாடிக்காரனாக வரிசையாக வாங்கி வைக்கலாம். பக்கத்தில் தம்பி கெட்டாவை வையுங்கள். கி.பி. 211 டிசம்பரில் அண்ணன் அவனைக் கொன்று, கல்வெட்டுகளிலெல்லாம் பெயரைச் சுரண்ட வைத்தான். காசுகளை மட்டும் திரும்ப வாங்கி அழிக்க முடியவில்லை.

அதே கராகல்லா கி.பி. 215இல் அன்டோனினியானஸை இறக்கினான். ஆண்களுக்குக் கதிர்க்கிரீடம், அரசியருக்குத் தோளின் கீழ்ப் பிறை. இரண்டு தினாரியஸ் மதிப்பில் ஓடியதாகக் கருதுகிறார்கள். உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரைக்குத்தான் காணும். மூன்றாம் கோர்டியன் என்ற பையன் அரசனின் காசுகள்தான் (கி.பி. 238–244) இன்று கிடைப்பதிலேயே மலிவு, தரமும் பளிச். படம் வழக்கமான பெண்மணிகள்தான்.

ஆனால் அடுத்து வந்த பிலிப்பைத் தவறவிடாதீர்கள். கி.பி. 248இல் ரோம் நகருக்கு ஆயிரம் வயது என்று பெரிய விழா எடுத்தார். அரங்கில் இறக்கிய மிருகங்களைக் காசில் வரிசையாகப் போட்டார்: சிங்கம், கலைமான், மறிமான், இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய். மனைவி ஒட்டாசிலியா செவெராவின் காசுக்கு நீர்யானை. காசு அடித்த பட்டறையின் எண் மிருகத்துக்குக் கீழேயே இருக்கும், ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மிருகம். பெரிய பரப்பு, பெரிய படம், கண்ணாடி இல்லாமலே தெரியும். குழந்தைகளிடம் காட்டினால் உடனே புரியும். குறைந்த செலவில் நல்ல படம் வேண்டுமென்றால் இதற்கு ஈடு இல்லை.

கி.பி. 260க்குப் பிறகு அன்டோனினியானஸை வெள்ளி என்று சொல்லவே வாய் கூசும். செம்புக்கு மேல் வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான்.

நான்காம் நூற்றாண்டின் சிலிக்வாவில் நல்ல வெள்ளி திரும்பி வந்தது. மெல்லிய தகடு, இரண்டு கிராம் அளவு. 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் கிடைத்த புதையலில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவை இருந்தன. பெரும்பாலானவற்றின் விளிம்பைச் சுற்றி வெட்டி வெள்ளியைத் திருடியிருந்தார்கள். படம் என்று கேட்டால் மாலைக்குள் நாலு வரி எழுத்து, அல்லது அரியணையில் ரோமா. இந்தப் பட்டியலில் கடைசி இடம்.

சரி, எதை வாங்குவது?

ஒரே ஒரு காசுதான், கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து வாங்குவேன் என்பவருக்குக் காசியஸின் வாக்காளர் காசு அல்லது ஒடிசியஸ் காசு. தேய்ந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, கதை தெரிந்தால் போதும். இப்போதே கையில் ஒன்று வேண்டும் என்பவருக்குப் பிலிப்பின் மிருகம். அழகான முகம் வேண்டுமென்றால் ஃபௌஸ்தீனா. கொங்கு மண்ணின் நினைவுக்காக என்றால் கயஸ்–லூசியஸ். அந்த ஆசைக்குக் காசு வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுத் தொகுப்பு இருக்கிறது.

அந்தக் கடைசி ஆசைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "எங்க தோட்டத்துல உழும்போது கிடைச்சது" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மண்ணிலிருந்து எடுத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறு வயது தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; நினைத்தபடி நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. அப்படிச் சொல்லி விற்பவை பெரும்பாலும் போலி என்பது வேறு விஷயம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் சுங்க விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், எங்கே யாரிடமிருந்து வந்தது என்ற தாளையும் காசோடு பத்திரப்படுத்துங்கள்.

போலியில் இரண்டு வகை. ரோமானியர் காலத்திலேயே செய்தது ஒன்று: செம்புக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்தி அச்சடித்திருப்பார்கள். எடை குறையும், கீறல் விழுந்த இடத்தில் சிவப்போ பச்சையோ எட்டிப் பார்க்கும். இதைத் தெரிந்தே சேர்ப்பவர்கள் உண்டு. விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். மற்றது இக்கால வார்ப்பு. விளிம்பில் ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் பொடிப்பொடியாய்க் குமிழித் துளை, எழுத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கல். ஒரே கீறல், ஒரே கோணல் உள்ள இரண்டு காசைப் பார்த்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். கையால் அடித்த காசு இரண்டு ஒருபோதும் அச்சு அசலாக ஒத்திருக்காது.

கையால் அடித்ததால் அநேகமாக எல்லாமே கொஞ்சம் விலகித்தான் விழுந்திருக்கும். எந்தப் பக்கம் விலகியது என்பதைப் பாருங்கள். எழுத்து வெட்டுப்பட்டால் பேரம் பேசி வாங்கலாம். வாக்காளரின் கையிலிருக்கும் பலகையோ ஒடிசியஸின் நாயோ காசுக்கு வெளியே போயிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.